குளியல் தொட்டியின் நீர்வாயும் ஷவர் திசைமாற்றியும்: அமெரிக்க இல்லக் குளியலறை வரலாற்றில் ஒரு சிறு பழுதுபார்ப்பின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

குளியல் தொட்டியின் மேல் நீண்டிருக்கும் தேய்ந்த நீர்வாயைக் கழற்றிவிட்டு, நீரை ஷவருக்குத் திருப்பும் திசைமாற்றி பொருந்திய புதிய நீர்வாயைப் பூட்டுவது அமெரிக்க இல்லங்களில் இயல்பாக நடைபெறும் சிறு வேலையாகும். அந்த நீர்வாயின் இடமும் வடிவமும் உள்ளமைப்பும் எவ்வாறு உருவாயின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தொட்டிக் குளியல், பொழிவுக் குளியல் என்னும் வேறுபட்ட இரு மரபுகள் ஒரே தொட்டிக்குள் இணைந்ததும், குடிநீரைக் காக்கும் விதிகள் நீர்வாயைத் தொட்டியின் விளிம்புக்கு மேலே நிறுத்தியதும், நீர்ச் சிக்கனச் சட்டங்கள் அதன் கசிவைக் கணக்கில் கொண்டதும் இங்கு வரலாற்று முறையில் விளக்கப்படுகின்றன. நீர்வாயை மாற்றும் ஒவ்வொரு செயலும் வீட்டின் வசதியோடு பொதுக் குடிநீரின் பாதுகாப்பையும் தொடுகிறது என்பது கட்டுரையின் முடிவு.

குறிச்சொற்கள்: குளியல் தொட்டி, நீர்வாய், திசைமாற்றி, பின்னுறிஞ்சல், காற்றிடைவெளி, குழாய்ப்பணி விதிகள், பொதுநலம்

முன்னுரை

வட அமெரிக்க வீடுகளின் குளியலறையில் ஷவரைத் திறப்பவர், தலைக்கு மேலிருந்து நீர் பொழியும்போதே காலருகில் உள்ள குழாய்வாயிலிருந்தும் ஒரு பங்கு நீர் வீணே தொட்டிக்குள் வழிவதைக் காண்பது அரிதன்று. குழாய்வாயின் மேலுள்ள குமிழை முழுவதும் தூக்கினாலும் அந்த ஒழுக்கு நிற்பதில்லை. வாய்க்குள் இருக்கும் சிறு தடுப்புத் தகடோ அதைச் சுற்றிய வாஷரோ தேய்ந்துவிட்டது என்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். உப்பு மிகுந்த நீர் ஓடும் வீடுகளில் சுண்ணப் படிவும் இதற்குத் துணைசெய்கிறது. பெரும்பாலான குழாய்வாய்கள் உள்ளுறுப்பைத் தனியே மாற்ற இயலாத ஒற்றை வார்ப்பாக வருவதால், முழுவதையும் கழற்றிப் புதியதைப் பொருத்துவதே வழக்கமாக உள்ளது.

இவ்வுறுப்புகள் தமிழ்நாட்டுக் குழாய்ப்பொருள் கடைகளிலும் ‘ஸ்பவுட்’, ‘டைவர்ட்டர்’ என்ற பெயர்களாலேயே அறியப்படுகின்றன. இக்கட்டுரையில் முன்னதற்கு நீர்வாய் என்றும் பின்னதற்குத் திசைமாற்றி என்றும் பெயர்கள் ஆளப்படுகின்றன.

இந்த எளிய உறுப்பைக் குறித்து மூன்று வினாக்கள் எழுகின்றன. நீர்வாய் ஏன் தொட்டியின் விளிம்புக்கு மேலே சுவரில் நிற்கிறது? நீரைத் திருப்பும் பொறி ஏன் நீர்வாய்க்குள்ளேயே அமைந்தது? அதை மாற்றும்போது குழாய்ப்பணி விதிகள் ஏன் குறுக்கிடுகின்றன? இவற்றுக்கான விடைகள் வெவ்வேறு காலங்களில் கிடைக்கின்றன. அவற்றை வரிசைப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொட்டியின் வருகை

குழாய்நீர் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே குளியல் தொட்டி இருந்தது. அது தகரத்தாலோ செம்பாலோ மரத்தாலோ ஆகி, வேண்டியபோது அடுப்பறைக்கு எடுத்துவரப்படும் பாத்திரமாக இருந்தது. அதை நிரப்பவும் கவிழ்க்கவும் மனித உழைப்பு தேவைப்பட்டது. பிலடெல்பியா நகரம் 1801இல் நீராவிப் பொறிகளைக் கொண்டு ஸ்கூல்கில் ஆற்று நீரை நகருக்குள் ஏற்றியது. நியூயார்க் நகருக்கு ஏறத்தாழ 66 கிலோமீட்டர் நீளமுள்ள குரோட்டன் நீர்க்கால்வாய் 1842இல் நீர் கொணர்ந்தது. இத்தகைய திட்டங்களுக்குப் பின்னரே செல்வர் இல்லங்களில் தொட்டி ஓரிடத்தில் நிலைபெறத் தொடங்கியது.

வெந்நீர் அடுத்த தடையாக இருந்தது. இலண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் 1868இல் எரிவாயுவால் நீரைச் சூடாக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பிட்ஸ்பர்க்கில் எட்வின் ரூட் 1889இல் தானாக இயங்கும் சேமிப்பு வெந்நீர்க்கலனை உருவாக்கினார். இதற்கிடையே 1883இல் விஸ்கான்சின் மாநிலத்து ஷெபாய்கன் ஊரில் ஜான் மைக்கேல் கோலர், கால்நடைக்கு நீர் வைக்கவும் பன்றியை வெந்நீரில் தோய்க்கவும் பயன்பட்ட வார்ப்பிரும்புத் தொட்டியில் எனாமல் பூசி, நான்கு கால்கள் பொருத்திக் குளியல் தொட்டியாக்கினார். பண்ணைக் கருவியொன்று குளியலறைக்குள் புகுந்தது. எனாமல் பூச்சு தொட்டியைத் துடைத்துத் தூய்மை செய்வதை எளிதாக்கியது.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் கால்களுடைய தொட்டி மெல்ல விலகி, மூன்று சுவர்களுக்கிடையே பதிக்கப்பட்ட ஐந்தடித் தொட்டி பரவியது. தொட்டி சுவரோடு ஒட்டியதால் அதற்குரிய குழாய்களும் சுவருக்குள் மறைந்தன. இம்மாற்றத்தால் நீர்வாயும் சுவரிலிருந்து நீண்டுவரும் உறுப்பாக மாற வழி பிறந்தது.

பொழிவுக் குளியலின் பொதுவாழ்வு

ஷவரின் வரலாறு தொட்டியின் வரலாற்றிலிருந்து பெரிதும் வேறுபட்டது. இலண்டனைச் சேர்ந்த அடுப்புத் தொழிலாளர் வில்லியம் ஃபீதம் 1767இல் கையால் இயக்கும் ஷவர் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். நீரை மேலே ஏற்றிச் சங்கிலியை இழுத்துத் தலைமேல் கவிழ்ப்பதே அதன் அமைப்பு. கீழே விழுந்த அதே நீர் மீண்டும் மேலேற்றப்பட்டது. அக்காலத்தில் அது ஒரு விந்தைப் பொருளாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிரேஃபன்பர்க்கில் வின்சென்ட்ஸ் பிரீஸ்னிட்ஸ் பரப்பிய நீர்மருத்துவம், உயரத்திலிருந்து உடல்மீது விழும் குளிர்நீரை நோய் தீர்க்கும் முறையாகக் கண்டது.

ஷவர் பெருந்திரள் மக்களுக்குரியதாக மாறியது சிறையிலும் படைமுகாமிலும் பொதுக் குளியலிடத்திலும்தான். பிரான்சின் ரூவான் நகரச் சிறையில் மருத்துவர் பிரான்சுவா மெரி டெலபோஸ்ட் 1870களில் கைதிகளுக்குப் பொழிவுக் குளியலை ஏற்படுத்தினார். தொட்டிக்கு வேண்டிய நீரிலும் நேரத்திலும் சிறு பகுதியே இதற்குப் போதுமானதாக இருந்தது. பெர்லின் தோல்நோய் மருத்துவர் ஆஸ்கர் லாசர் 1883ஆம் ஆண்டுச் சுகாதாரக் கண்காட்சியில், நெளிதகட்டால் கட்டிய மக்கள் ஷவர்க்கூடம் ஒன்றை நிறுவிக் காட்டினார். ஒவ்வொரு ஜெர்மானியருக்கும் வாரம் ஒரு குளியல் என்பது அவருடைய முழக்கமாக அமைந்தது.

அமெரிக்காவில் இதே கருத்தை மருத்துவர் சைமன் பரூக் முன்னெடுத்தார். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்கள் இலவசப் பொதுக் குளியலிடங்களை அமைக்க வேண்டுமென நியூயார்க் மாநிலம் 1895இல் சட்டம் இயற்றியது. மன்ஹாட்டனின் ரிவிங்டன் தெருவில் நகராட்சிக் குளியலிடம் 1901இல் திறக்கப்பட்டது. குடியேறிய ஏழைத் தொழிலாளர் நெருக்கடியான அடுக்குக் குடியிருப்புகளில் வாழ்ந்த பகுதி அது. அங்கு முதன்மை பெற்றது ஷவர்தான். ஒருவர் பயன்படுத்திய நீர் மற்றொருவரைத் தீண்டாது என்பதும், குறைந்த நேரத்தில் பலர் குளிக்கலாம் என்பதும் அதன் சிறப்புகளாகக் கருதப்பட்டன.

ஆகவே தொட்டி உடைமையுள்ளோரின் தனியறையிலும், ஷவர் உடைமையற்றோரின் பொதுக்கூடத்திலும் வளர்ந்தன. 1948இல் வெளிவந்த தம் நூலில் ஜிக்ஃபிரீட் கீடியன், உடலுக்குப் புத்துயிரூட்டும் கூட்டுக் குளியலையும் அழுக்கு நீக்கும் தனிக் குளியலையும் வேறுபடுத்திக் காட்டினார். அமெரிக்கக் குளியலறை இரண்டாம் வகையின் முழுமையான வடிவம் என்பது அவர் விளக்கத்தால் புலப்படும். அந்த அறைக்குள் பொதுக்கூடத்தின் ஷவரும் வந்து சேர்ந்தது என்பதை அவ்விளக்கத்தோடு இணைத்துக் காணவேண்டும்.

இரு மரபுகளின் சேர்க்கை

வீட்டுக்குள் வந்த ஷவருக்குத் தனியிடம் ஒதுக்கப் பெரும்பாலான இல்லங்களில் வசதி இல்லை. ஐந்தடி அகல அறையில் தொட்டிக்கு மேலேயே அது அமைந்தது. தொட்டிக் குழாயிலிருந்து மேலெழும் ஒரு குழாய், அதன் உச்சியில் நீர்த்தூவி, சுற்றிலும் தொங்கும் திரை ஆகியவை தொடக்க ஏற்பாடாக இருந்தன. பின்னர்க் குழாய்கள் சுவருக்குள் சென்றபோது வெந்நீருக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, திசை மாற்ற ஒன்று என மூன்று திருகுகள் சுவரில் வரிசையாக அமைந்தன.

நடுத்திருகை நீக்கி அதன் வேலையை நீர்வாயிடம் ஒப்படைத்ததே நீர்வாய்த் திசைமாற்றி. இதன் இயக்கம் எளியது. சுவருக்குள் உள்ள வால்வு கலந்த நீரை மேலும் கீழும் இரு வழிகளில் விடுகிறது. தடையற்ற வழி கீழே இருப்பதால் நீர் இயல்பாக நீர்வாய் வழியே வெளியேறுகிறது. குமிழைத் தூக்கும்போது உள்ளே ஒரு தகடு வாயை அடைக்கிறது. கீழ்வழி அடைபட்ட நீர் வேறு வழியின்றி ஷவருக்கு ஏறுகிறது. ஓடும் நீரின் அழுத்தமே தகட்டை அந்நிலையில் நிறுத்தி வைக்கிறது. குழாயை மூடியதும் அழுத்தம் குறைந்து தகடு தானே இறங்குகிறது. அடுத்து வருபவர் குழாயைத் திறந்தால் நீர் முதலில் தொட்டிக்குள்ளேயே விழும்.

திசைமாற்றி என்னும் பெயர் இங்கு ஓரளவே பொருந்தும். அது நீரைத் திருப்பிவிடுவதில்லை. ஒரு வழியை மறிக்கிறது. மறிப்பு முழுமையாக இருக்கும்வரை நீர் மேலேறும். மறிப்பு தேயும் அளவுக்கு நீர் பிரியும். மலிவும் எளிமையும் இந்த அமைப்பைப் பரப்பின. அதன் குறையும் அதே எளிமையிலிருந்தே பிறந்தது.

விளிம்புக்கு மேல் உயர்ந்த வாய்

பழைய தொட்டிகள் பலவற்றில் நீர் நுழையும் துளை விளிம்புக்குக் கீழே, தொட்டியின் உட்சுவரிலேயே இருந்தது. ஓசையின்றி நிரம்புவதும் ஆவி எழாமையும் அதன் வசதிகள். ஆனால் தொட்டி நிரம்பியிருக்கும்போது அத்துளை அழுக்கு நீருக்குள் மூழ்கிவிடும். அந்நேரத்தில் தெருக்குழாய் உடைந்தோ, தீயணைப்புக்காகப் பெருமளவு நீர் எடுக்கப்பட்டோ, கீழ்த்தளத்தில் பல குழாய்கள் ஒருசேரத் திறக்கப்பட்டோ அழுத்தம் வீழ்ந்தால், குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகித் தொட்டி நீரைப் பின்னோக்கி உறிஞ்சக்கூடும். இவ்வாறு ஒருவர் குளித்த நீர் மற்றொருவர் பருகும் நீரில் கலக்கும். இதுவே பின்னுறிஞ்சல் எனப்படும்.

இந்த அபாயத்தை அமெரிக்கப் பொதுமக்கள் உணரச் செய்தது 1933ஆம் ஆண்டுச் சிகாகோ நிகழ்வு. உலகக் கண்காட்சிக்காக நாடெங்கிலுமிருந்து மக்கள் அந்நகருக்கு வந்திருந்த காலம் அது. அருகருகே இருந்த காங்கிரஸ், ஆடிட்டோரியம் ஆகிய இரு விடுதிகளை மையமாகக் கொண்டு அமீபா சீதபேதி பரவியது. நோய் வெளிப்படச் சில வாரங்கள் ஆகும் என்பதால் விருந்தினர் பலர் தத்தம் ஊர் திரும்பிய பின்னரே நோயுற்றனர். ஏறத்தாழ 1,400 பேர் பாதிக்கப்பட்டனர். 98 பேர் இறந்தனர். பழைய குழாய்களின் பழுதும், குடிநீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் இடையே இருந்த தவறான தொடர்புகளும் காரணமென விசாரணை கண்டது. குளியல் தொட்டி மட்டுமே அந்நோயைப் பரப்பவில்லை. எனினும் கட்டடத்துக்குள் இருக்கும் குழாய்களே குடிநீரைக் கெடுக்கக்கூடும் என்னும் உண்மை இதன்பின் புறக்கணிக்க இயலாததாயிற்று.

அமெரிக்கத் தேசியத் தரநிர்ணயப் பணியகம் விளிம்புக்கு மேல் நீர் விடும் அமைப்புகளில் பின்னொழுக்கைத் தடுப்பது குறித்த ஆய்வை 1939இல் வெளியிட்டது. அதில் பங்குகொண்ட ராய் ஹண்டர் குழாய்ப்பணி அறிவியலுக்கு அடித்தளமிட்டவராகப் போற்றப்படுகிறார். காற்றிடைவெளிக்கெனத் தேசியத் தரநிலை 1942இல் வந்தது. நீர் வெளியேறும் வாய்க்கும் கலம் நிரம்பி வழியும் மட்டத்துக்கும் இடையே, வாயின் விட்டத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு வெற்றிடம் இருக்கவேண்டும் என்பது இதன் அடிப்படை நெறி. அந்த இடைவெளியில் காற்று மட்டுமே இருப்பதால் குழாய் உறிஞ்சினாலும் காற்றையே உறிஞ்சும். அசையும் உறுப்பு எதுவும் இல்லாத இந்தக் காப்பு தேய்வதும் இல்லை, பழுதாவதும் இல்லை.

இன்றைய நீர்வாய் தொட்டி விளிம்புக்கு மேலே நிற்பதற்கு இதுவே காரணம். அழகுக்காக அமைந்ததெனத் தோன்றும் சில அங்குல உயரம், நோயால் கற்ற பாடத்தின் அளவாகும்.

கசிவும் சட்டமும்

நீர்வாயின் கசிவு நெடுங்காலம் சிறு தொல்லையாகவே கருதப்பட்டது. தொட்டிக்குள் விழும் நீர் தரையை நனைப்பதில்லை. வடிகாலில் இறங்கி மறைந்துவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பார்வை மாறியது. 1992ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டம், நீர்த்தூவியின் ஓட்டம் நிமிடத்துக்கு 2.5 கேலன், அதாவது ஏறத்தாழ 9.5 லிட்டரை மிகக் கூடாதென வரையறுத்தது. இது 1994இல் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டம் மேலே இருந்த நீர்த்தூவியை அளந்தது. கீழே இருந்த நீர்வாயை அளக்கவில்லை. இதில் ஒரு முரண் உண்டு. துளை சுருங்கிய நீர்த்தூவி நீருக்குக் கூடுதல் தடையாகிறது. அதனால் குழாய்க்குள் பின்னழுத்தம் உயர்கிறது. உயர்ந்த அழுத்தம் தேய்ந்த தகட்டின் இடுக்கு வழியே கூடுதல் நீரைத் தள்ளுகிறது. மேலே மிச்சப்படுத்திய நீரின் ஒரு பகுதி கீழே ஒழுகிவிடுகிறது. அந்த நீர் வெந்நீராதலால் அதைச் சூடாக்கிய எரிபொருளும் உடன் வீணாகிறது. எடுத்துக்காட்டாக, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசியும் நீர்வாய் எட்டு நிமிடக் குளியலில் எட்டு லிட்டரை இழக்கும். நால்வர் நாள்தோறும் குளிக்கும் வீட்டில் ஓராண்டு இழப்பு பதினோராயிரம் லிட்டரைக் கடக்கும்.

கலிபோர்னியா மாநிலத்தின் சாதனத் திறன் விதிகள் நீர்வாய்த் திசைமாற்றியையும் உள்ளடக்கின. புதிய நிலையில் நிமிடத்துக்கு 0.01 கேலனுக்கு மேலும், 15,000 முறை இயக்கிய பின் 0.05 கேலனுக்கு மேலும் கசியக்கூடாதென அவை கூறுகின்றன. முன்னது ஏறத்தாழ 38 மில்லிலிட்டர். பின்னது 190 மில்லிலிட்டர். திசைமாற்றி தேயும் என்பதை விதியே ஏற்றுக்கொண்டு அந்தத் தேய்வுக்கு எல்லை வகுத்திருப்பது கருதத்தக்கது.

பழுதுபார்ப்பு காட்டும் வரலாறு

தேய்ந்த நீர்வாயைக் கழற்றும்போது அதன் பின்னால் மறைந்திருக்கும் குழாய் வெளிப்படுகிறது. அது வீட்டின் காலத்தைச் சொல்லும் சான்றாகிறது. மரையுள்ள அரை அங்குல இரும்புக் குழாயாக இருந்தால் நீர்வாயை இடஞ்சுழியாகத் திருகி எடுக்கலாம். மரையில்லாத செம்புக் குழாயாக இருந்தால் நீர்வாயின் அடியில் உள்ள சிறு திருகாணியைத் தளர்த்தி இழுத்தெடுக்க வேண்டும். முதலாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களின் காலத்தோடும், இரண்டாவது இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடுகளில் பெருகிய செம்புக் குழாய்களோடும் பெரிதும் தொடர்புடையவை. இவ்வேறுபாட்டை அறியாமல் திருகாணியுள்ள நீர்வாயைத் திருக முயல்பவர் சுவருக்குள் இருக்கும் குழாயையே முறுக்கிவிடக்கூடும்.

ஷவரே இல்லாத பழைய தொட்டிகளுக்கு மற்றொரு வழி உண்டு. கைஷவரின் குழலை இணைக்கும் மரைவாயும் திசைமாற்றியும் ஒருங்கே அமைந்த நீர்வாய்கள் கிடைக்கின்றன. சுவரை உடைக்காமல் தொட்டியை ஷவராக்கும் முறை இது. முதியோருக்கும் உடல் இயக்கக் குறைபாடு உள்ளோருக்கும் இதன் பயன் பெரிது. தொட்டிக்குள் இருக்கை இட்டு அமர்ந்து, துணையின்றித் தாமே குளிக்க அது இடமளிக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் கிரா 1966இல் வெளியிட்ட ஆய்வு, குளியலறைச் சாதனங்கள் மனித உடலின் அளவுக்கும் அசைவுக்கும் பொருந்தாதவை எனச் சுட்டியது. 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கச் சட்டத்தைத் தொடர்ந்து 1991இல் வந்த வழிகாட்டு விதிகள், அணுகத்தக்க குளியலறையில் குறைந்தது 60 அங்குலம் நீளமுள்ள குழலுடன் கைஷவர் வேண்டுமென்றன. ஆனால் அவ்விதிகள் பொதுவிடங்களையே முதன்மையாகக் கருதியவை. தனியார் வீட்டில் வாழும் முதியவருக்கு அவ்வசதியைத் தருவது பெரும்பாலும் இத்தகைய எளிய மாற்றமே.

இங்கு பழைய அபாயம் புதிய வடிவில் திரும்புகிறது. 60 அங்குலக் குழல் அமர்ந்திருப்பவரை எட்டும். தொட்டியின் அடியையும் எட்டும். பயன்படுத்தியபின் கைஷவர் அழுக்கு நீருக்குள் கிடந்தால், விளிம்புக்கு மேலே நின்ற நீர்வாய் உறுதிசெய்த காற்றிடைவெளி பயனற்றுப் போகிறது. இதனாலேயே கைஷவர்களில் பின்னொழுக்குத் தடுப்பான் இருக்கவேண்டுமெனக் குழாய்ப்பணித் தரநிலைகள் கட்டாயப்படுத்துகின்றன. காற்றிடைவெளிக்குத் தேய்வில்லை, தடுப்பானுக்கு உண்டு. ஒருவரின் தற்சார்பும் கண்ணியமும் ஒரு பக்கம், எல்லோருக்கும் உரிய குடிநீரின் தூய்மை மறுபக்கம் என இரண்டையும் அச்சிறு தடுப்பான் சேர்த்துக் காக்கவேண்டியுள்ளது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால், தொட்டியின் நீர்வாய் நான்கு வரலாறுகள் சந்திக்கும் இடமென்பது தெளிவாகிறது. வார்ப்பிரும்புத் தொட்டி அதற்கு இடம் தந்தது. சிறையிலும் பொதுக் குளியலிடத்திலும் வளர்ந்த ஷவர் அதற்குத் திசைமாற்றியைத் தந்தது. நோய்ப்பரவல் குறித்த அறிவு அதன் உயரத்தை வகுத்தது. நீர்ச் சிக்கனம் அதன் கசிவுக்கு எல்லையிட்டது.

தமிழ்நாட்டு நகர வீடுகளிலும் இதே நீர்வாயும் திசைமாற்றியும் இன்று இடம்பெற்றுள்ளன. அங்கு பெரும்பாலும் தொட்டி இல்லை. நீர்வாயின் கீழே வாளி நிற்கிறது. நிரம்பிய வாளிக்குள் கைஷவரின் குழலைப் போட்டுவைக்கும் வழக்கம் தொட்டிக்குள் போடுவதற்கு ஒப்பானதே. கலம் மாறினாலும் நெறி மாறுவதில்லை.

பொருள்சார் வரலாற்றில் புதுப்புனைவுகளுக்குக் கிடைக்கும் கவனம் பழுதுபார்ப்புக்குக் கிடைப்பதில்லை. கண்டுபிடித்தவரின் பெயரும் ஆண்டும் பதிவாகின்றன. தேய்ந்ததை மாற்றியவரின் வேலை பதிவாவதில்லை. ஆயினும் 98 உயிர்களின் இழப்புக்குப் பின் வலுப்பெற்ற ஒரு காப்பு இன்றும் நிலைத்திருப்பது, நீர்வாயைச் சரியான உயரத்தில், சரியான தடுப்புடன் மீண்டும் பூட்டும் கைகளால்தான்.